மலர்கொடி டீச்சர் மதியம் சாப்பிட ஆரம்பித்தது

மலர்கொடி டீச்சர்மீது எழுதப்பட்ட மனுவில் ஐந்து வரிகள் இருந்தன. முதல் வரி வணக்கம். இரண்டாவது வரி, எங்கள் ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகள் எடை ஏறவில்லை என்றது. மூன்றாவது வரி, டீச்சர் மட்டும் வருடா வருடம் எடை ஏறிவருகிறார் என்றது. நான்காவது வரி 'ஆகவே' என்று தொடங்கி, பிள்ளைகளின் சத்துமாவும் முட்டையும் எங்கே போகின்றன என்று விசாரிக்கக் கேட்டது. ஐந்தாவது வரியில் நன்றி. கீழே ஆறு கையெழுத்துகள். முதல் கையெழுத்து ஆண்டாயியுடையது. அவள் மகன் அப்போது மூன்று வயதில் பதினொரு கிலோ இருந்தான்.

இது நடந்து ஏழெட்டு வருடம் ஆகிறது. பெரம்பலூர் பக்கம் ஆலத்தியூரிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிடம் போனால் வரும் ஒரு சின்ன ஊரில் மலர்கொடி அங்கன்வாடிப் பணியாளர். வீடு ஆலத்தியூரில். கணவர் செல்லதுரை அங்குள்ள சிமெண்ட் ஆலையில் ஒப்பந்த எலக்ட்ரீஷியன். ஒரே மகள் அபிநயா திருச்சியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். மனு வந்தபோது மலர்கொடியின் எடை எண்பத்தொரு கிலோ, செல்லதுரையின் எடை நாற்பத்தொன்பது.

விசாரிக்க சூப்பர்வைசர் ஜெயசித்ரா வந்தார். சத்துமாவுப் பாக்கெட்டுகளை எண்ணினார். அரிசியையும் பருப்பையும் நிறுத்துப் பார்த்தார். முட்டைகளை அட்டையோடு வெளியே எடுத்துவைத்து எண்ணினார். இரண்டு முட்டை குறைந்தது. அவை உடைந்த தேதி பதிவேட்டில் இருந்தது. வாசலில் நின்ற தாய்மார்களிடம் ஸ்டாக் சரியாக இருப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டு, மலர்கொடியைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல மலர்கொடி. ரிப்போர்ட்டுல அப்படியே எழுதிடறேன். ஆனா நீங்களும் கொஞ்சம் ஒடம்பக் கொறச்சீங்கன்னா இந்த மாதிரி பேச்சு வராது பாருங்க."

"சரிங்க மேடம்" என்றார் மலர்கொடி.

மறுநாள் பன்னிரண்டரை மணிக்குப் பிள்ளைகளுக்குச் சோறும் முட்டையும் கொடுத்து முடித்ததும், வழக்கம்போலத் தன் டிபன் பாக்ஸை எடுத்தார். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு. மூடியில் கை வைத்தபோது வாசலில் ஒரு தாய் பிள்ளையைக் கூட்டிப்போக வந்து நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள், அவ்வளவுதான். மலர்கொடி பாக்ஸைப் பைக்குள் வைத்தார். அதன் பிறகு ஏழு வருடம் அவர் அந்த மையத்தில் ஒரு வாய் சாப்பிடவில்லை. டிபன் பாக்ஸ் எடுத்துப்போவதையும் நிறுத்திவிட்டார்.

மாலை ஐந்தேகாலுக்கு வீட்டுக்கு வருவார். செருப்பைக் கழற்றி, கை கழுவி, கதவைச் சாத்திவிட்டு உட்காருவார். காலையில் ஆறரை மணிக்குக் குடித்த டீக்குப் பிறகு அதுதான் சாப்பாடு. காலையில் வடித்த சோறு, குழம்பு, பொரியல், மேலே கொஞ்சம் மிக்சர், அதற்கு மேல் டீயும் பன்னும். எழுந்திருக்க முக்கால் மணி நேரமாகும். இரவு எட்டரைக்குச் செல்லதுரையோடு உட்கார்ந்து இரண்டு தோசை. உடம்பைக் குறைப்பதற்காகத்தான் பகலில் பட்டினி கிடக்கிறோம் என்று பாதி நம்பினார். ஏழு வருடத்தில் எண்பத்தொன்று தொண்ணூற்று நான்கானது.

கல்யாண வீடுகளில் இன்னும் சிரமம். மலர்கொடி மொய் எழுதிவிட்டு, பெண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்துவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். கேட்டால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பார். மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தால் உட்காரவும் மாட்டார். செல்லதுரை பந்தியில் உட்காருவார். மூன்று முறை சோறு வாங்குவார், பாயசம் இரண்டு முறை. பரிமாறுகிறவர்கள் அவர் இலைக்கு வந்தால் கரண்டியைத் தாராளமாகக் கவிழ்ப்பார்கள். "சாப்புடுங்கண்ணே, ஒடம்புல ஒண்ணுமே இல்ல" என்பார்கள். வெளியே நிற்கும் மலர்கொடியைப் பார்த்து, வீட்டில் செல்லதுரைக்கு என்ன மிஞ்சப்போகிறது என்று தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். செல்லதுரை காலையில் எட்டு இட்லி சாப்பிடுகிறவர் என்பது யாருக்கும் தெரியாது. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள்.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் பாதத்தில் எரிச்சல் என்று மலர்கொடி பெரம்பலூரில் ஒரு டாக்டரைப் பார்த்தார். ரத்தத்தில் சர்க்கரை இருந்தது. டாக்டர் என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாதம், இரவு சப்பாத்தி என்று மலர்கொடி சொன்னார். அங்கன்வாடியில் தாய்மார்களுக்கு அவர் சொல்லிக்கொடுப்பது அதுதான். டாக்டர் எழுதிக்கொண்டார். மாத்திரை கொடுத்தார். எடையைக் குறைக்கச் சொன்னார்.

காலையிலும் மாலையிலும் பஸ்ஸில் வரும் நேரத்தில் மலர்கொடி போனில் வீடியோ பார்ப்பார். எல்லாம் சாப்பாட்டு வீடியோக்கள். வெளிநாட்டுத் தெருக்களில் குறைந்த செலவில் சாப்பிட்டுக்கொண்டே சுற்றுகிறவர்கள் போடுவது. காலையில் வெறும் வயிற்றோடு ஜன்னலோரம் உட்கார்ந்து, வியட்நாமில் ஒருவர் சூப் குடிப்பதையும் தாய்லாந்தில் ஒருவர் மீன் சுடுவதையும் பார்த்தபடி வேலைக்குப் போனார். இரண்டு வருடம் பார்த்ததில் பினாங்கு மனதில் நின்றது. ஒரு வீடியோவில் டீக்கடைக்காரர் தமிழில் பேசினார். தவிர, திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானம் இருந்தது. விசா வேண்டாம் என்று அபிநயா விசாரித்துச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, செல்லதுரை ஆறாவது இட்லியில் இருந்தபோது மலர்கொடி கேட்டார்.

"ஏங்க, மலேசியா போயி சாப்ட்டுட்டு வருவமா?"

"சாப்புடவா?"

"சாப்புடத்தான்."

"கோயிலு கீயிலு?"

"இருக்கும். நாம சாப்புடத்தான் போறம்."

செல்லதுரை அந்த இட்லியை முடித்தார். ஏழாவதை எடுத்தார்.

"மீனு கெடைக்குமா?" என்றார்.

"கெடைக்கும்."

"அப்ப போவம்."

பாஸ்போர்ட் எடுத்தார்கள். மலர்கொடி விடுப்புக் கடிதத்தில் 'வெளிநாட்டுச் சுற்றுலா' என்று எழுதியதால் ஆபீஸில் குழப்பம் வந்தது. அங்கன்வாடிப் பணியாளர் வெளிநாடு போக அனுமதி வேண்டுமா, வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை.

"அங்க யாரு இருக்கா?" என்றார் ஜெயசித்ரா.

"யாரும் இல்லீங்க மேடம்."

"பொண்ணுக்கு ஏதும் சம்பந்தம் பாக்கறீங்களா?"

"இல்லீங்க."

"அப்பறம் எதுக்கு?"

சாப்பிட என்று சொல்ல மலர்கொடிக்கு வாய் வரவில்லை. "பாக்கத்தான்" என்றார். கடிதம் மூன்று வாரம் மேசை மேசையாகப் போய், ஆட்சேபணை இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. சொந்தக்காரர்களிடம் முருகன் கோயிலுக்குப் போவதாகச் சொன்னார்கள். எல்லோரும் விபூதி கேட்டார்கள்.

ஆறு நாள் பயணம். ஆளுக்கு ஏழு கிலோ கைப்பை மட்டும். அதற்கு மேல் என்றால் கட்டணம். விமானத்தில் இருக்கை குறுகலாக இருந்தது. மலர்கொடி செல்லதுரையின் பக்கம் கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டார். செல்லதுரைக்கு மீதி முக்கால் போதுமானதாக இருந்தது. அவர் கோலாலம்பூர்வரை தூங்கினார். அங்கிருந்து பினாங்குக்கு ஆறு மணி நேரம் பஸ். பெரம்பலூர்க்காரர்களுக்கு பஸ் ஒரு பொருட்டல்ல.

அபிநயா போனில் பிடித்துக்கொடுத்த அறை இரண்டாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் இல்லை. மலர்கொடி படியில் மூன்று இடத்தில் நின்று ஏறினார். பையை வைத்துவிட்டு, வீடியோவில் பார்த்து வைத்திருந்த தெருவுக்கு இருவரும் நடந்தே போனார்கள். அந்தத் தெருவில் தள்ளுவண்டிகள் வரிசையாக நின்றன. ஒரு சீனப் பெண்மணி பெரிய இரும்புச் சட்டியில் பட்டையான அரிசிச் சேவையை இறாலும் முட்டையும் முளைகட்டிய பயறும் போட்டுக் கிளறிக்கொண்டிருந்தார். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். மலர்கொடி இரண்டு விரலைக் காட்டி, பன்றிக்கறி வேண்டாம் என்று வீடியோவில் கற்றபடி சொன்னார். அந்த அம்மாள் தலையாட்டினார். பக்கத்தில் மேசை. சுற்றிலும் சிவப்புப் பிளாஸ்டிக் முக்காலிகள்.

செல்லதுரை உட்கார்ந்தார். மலர்கொடி நின்றார்.

"ஒக்காரு" என்றார் செல்லதுரை.

"நின்னுகிட்டே சாப்ட்டுக்கறேங்க."

"ஒக்காரு மலரு, ஒடஞ்சா காசு குடுத்துருவம்."

அந்தப் பெண்மணி சட்டியை விட்டு நகரவில்லை. கரண்டியைக் கையில் வைத்தபடியே இடக்கையால் ஒரு முக்காலியை எடுத்து இன்னொன்றின் மேல் செருகினார். இரண்டும் ஒன்றாகப் பொருந்திக்கொண்டன. அதைக் காலால் மலர்கொடியின் பக்கம் தள்ளிவிட்டு, திரும்பவும் கிளற ஆரம்பித்தார். முகத்தில் இரக்கமும் இல்லை, சிரிப்பும் இல்லை. அடுத்த மேசையில் ஒரு பருமனான ஆள் அதேபோல் இரண்டு முக்காலிகளின் மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

மலர்கொடி உட்கார்ந்தார். தட்டு வந்தது. சின்னத் தட்டு. சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் அவர் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் தத்தம் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் வாயை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு நிதானமாக, கடைசி முளைகட்டிய பயறுவரை சாப்பிட்டார். செல்லதுரை அதற்குள் மூன்றாவது தட்டுக்குச் சொல்லியிருந்தார்.

"எப்புடி இருக்கு?" என்று கேட்டார் செல்லதுரை.

"சூடா இருக்கு" என்றார் மலர்கொடி. வெளியில் சூடாகச் சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த நாட்கள் எல்லாம் இப்படியே போயின. காலையில் ரொட்டி, பதினொரு மணிக்கு ஏதாவது ஒரு சூப், மதியம் மீன் புளிக்குழம்பில் சேவையைப் போட்டதுபோல் ஒரு லக்சா, மாலையில் வேறொன்று. தட்டுகள் சின்னவை. கடைக்கும் கடைக்கும் இடையில் நடை. கடற்கரை ஓரத்தில் சீனர்கள் தண்ணீருக்கு மேல் கட்டிய வீடுகளைப் பார்த்தார்கள். தேங்காய்ப்பாலும் கருப்பட்டி மாதிரி ஒரு வெல்லமும் ஊற்றிய ஐஸ் ஒன்று இருந்தது. சர்க்கரைக்கு ஆகாது என்று தெரியும். இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டு கிண்ணத்தைச் செல்லதுரையிடம் தள்ளினார். முட்டி வலித்தது. வலித்தபோது நிழலில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் மாலை ஐந்தேகாலுக்கு மணியைப் பார்த்தார். வயிறு சும்மா இருந்தது. ஏழு வருடமாக அந்த நேரத்தில் சோற்றுப் பானையைத் தேடும் பசி வரும். அது வரவில்லை. கொஞ்ச நேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தார்.

காலை ரொட்டிக்குப் போகிற டீக்கடை ஒரு தமிழ் முஸ்லிமுடையது. அவருக்கு ஐம்பது வயதிருக்கும். தாத்தா ராமநாதபுரத்துக்காரர். பெரம்பலூர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். திருச்சிக்கு இந்தாண்டை என்று செல்லதுரை சொன்னார். திருச்சி தெரியும் என்றார். நாலாம் நாள் கடையில் எட்டுப் பத்துப் பேர் இருந்தார்கள். செல்லதுரை ஐந்தாவது ரொட்டியைச் சொன்னபோது டீக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மலர்கொடியைப் பார்த்தார்.

"என்னம்மா, அண்ணன் இப்படி எலும்பா இருக்காரு. வீட்ல சோறு கீறு போடறதில்லையா?" என்றார். நல்ல மனதோடுதான் கேட்டார்.

கடையில் இருந்த இரண்டு தமிழர்கள் சிரித்தார்கள். ஊராக இருந்தால் மலர்கொடியும் சேர்ந்து சிரித்திருப்பார். இத்தனை வருடம் அப்படித்தான் சிரித்தார். அன்றைக்கு டம்ளரை மேசையில் வைத்தார்.

"போடறேங்க. மூணு ஆளு சோறு திங்கிறாரு. நீங்களே பாக்கறீங்கல்ல. அவரு ஒடம்பு அப்புடி. நான் அவரு சோத்த எடுத்துத் திங்கல. யாரு சோத்தையும் எடுத்துத் திங்கல."

கடைசி வாக்கியம் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. டீக்கடைக்காரருக்கு அது எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார். டீயை ஒருமுறை உயரத் தூக்கி ஆற்றி மலர்கொடியின் முன்னால் வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

தெருவுக்கு வந்ததும் செல்லதுரை, "மனு விசயமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"இத்தன வருசமா அது மனசுல கெடக்குன்னு எங்கிட்ட சொல்லவே இல்லியே."

"நீங்க கேக்கலியே."

செல்லதுரை அதை ஒப்புக்கொள்வதுபோல் தலையாட்டினார். அன்று முழுக்க அவர் மனைவியின் பக்கத்திலேயே நடந்தார். ஊரில் அவர் எப்போதும் பத்தடி முன்னால் நடப்பவர். சேர்ந்து நடந்தால் பஸ் ஸ்டாண்டில் ஒன்றும் சைபரும் போகிறது, பத்தாம் நம்பர் என்று கேலி பேசுவார்கள்.

ஊர் திரும்பிய மறுநாள், கர்ப்பிணிகளுக்கு எடை பார்க்கும் மெஷினில் மலர்கொடி ஏறி நின்றார். தொண்ணூற்று நான்கு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறங்கி, பிள்ளைகளுக்குச் சோறு போட்டார். அன்று முட்டை நாள். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு தன் பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்து திறந்தார். ஒரு கப் சாதம், கீரைக் கூட்டு, ஒரு முட்டை. முட்டை வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மையத்தில் சமைக்கும் ஆயாவின் முகம் மாறியது.

"டீச்சர், இன்னிக்குப் போயி முட்டையா? யாராச்சும் பாத்தா என்னா சொல்லுவாங்க?"

"பாக்கட்டும் ஆயா. சர்க்காரு முட்டைல சீல் இருக்கு, இது வீட்டு முட்டை, இதுல இல்ல."

பார்த்தது ஆண்டாயி. மூன்றாவது குழந்தையைக் கூட்டிப்போக வந்தவள் வாசலில் நின்றாள். பாத்திரத்தைப் பார்த்தாள். மலர்கொடி முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். மென்று விழுங்கினார்.

"டீச்சரு சாப்புடறீங்களா?"

"ஆமா. நீ சாப்ட்டியா?"

"இன்னும் இல்லீங்க." ஆண்டாயி போகாமல் படியில் உட்கார்ந்தாள். மலேசியாவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டாள். சாப்பிட்டோம் என்று மலர்கொடி சொன்னார். அந்த ஒரு ஆளிடம்தான் முதலில் உண்மையைச் சொன்னார். ஏன் என்று அவருக்கே தெரியவில்லை. ஆண்டாயி கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் தன் மகனைப் பற்றிப் பேசினாள்.

"பெரியவன் இன்னும் அப்புடியேதான் இருக்கான் டீச்சரு. அஞ்சாவது முடிச்சிட்டான், இருவத்திமூணு கிலோதான். ஆஸ்பத்திரில காட்டுனன். ரத்தம் கித்தம் எல்லாம் பாத்துட்டு நல்லாத்தான் இருக்கான்னுட்டாங்க. ஓட்டப்பந்தயத்துல இவந்தான் மொதல்ல வரான்."

"நல்லா சாப்புடறானா?"

"எனக்கு மேல திங்கிறான்."

"சில ஒடம்பு அப்புடித்தான்" என்றார் மலர்கொடி.

ஆண்டாயி பிள்ளைக்குச் செருப்பை மாட்டிவிட்டாள். மனுவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. மலர்கொடியும் கேட்கவில்லை. எழுந்து போகும்போது, "கீரையில காரம் கம்மியா இருக்கும்போல, வெளுத்துக் கெடக்கு. நாளைக்கு நான் மாங்கா ஊறுகா கொண்டாறேன்" என்றாள். கொண்டுவந்தாள்.

அதற்கடுத்த மாதம் மலர்கொடி பெரம்பலூர் டாக்டரிடம் உண்மையான சாப்பாட்டு விவரத்தைச் சொன்னார். காலையில் டீ, மாலை ஐந்துவரை ஒன்றுமில்லை, ஐந்தேகாலுக்கு முக்கால் மணி நேரச் சாப்பாடு. டாக்டர் பேனாவை மூடினார்.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சுங்க."

"எத்தன வருசமா?"

"ஏழு."

காலையில் சாப்பிடுங்கள், மதியம் சாப்பிடுங்கள், இரவில் குறையுங்கள், முட்டி தாங்கும் அளவு நடங்கள் என்றார் டாக்டர். எழுபதுக்கெல்லாம் இப்போது கணக்குப் போட வேண்டாம், எண்பத்தைந்தைப் பார்ப்போம் என்றார். மாத்திரையை நிறுத்தவில்லை.

பத்து மாதத்தில் எண்பத்தேழு ஆனது. இடையில் இரண்டு மாதம் அப்படியே நின்றது. தீபாவளிக்கு ஒன்று கூடி, பிறகு இறங்கியது. சர்க்கரை அளவு குறைந்தது. இப்போதும் அவர் பெரிய உடம்புக்காரர்தான். புதிதாகப் பார்ப்பவர்கள் யாரும் ஒல்லி என்று சொல்லப்போவதில்லை. ஆய்வுக்கு வந்த ஜெயசித்ராவுக்கு மட்டும் வித்தியாசம் தெரிந்தது.

"நல்லா கொறஞ்சிட்டீங்களே மலர்கொடி. என்ன டயட்?"

"மதியம் சாப்புடறேங்க மேடம்."

ஜெயசித்ரா சிரித்தார். சொல்ல விருப்பமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

போன பொங்கல் லீவில் அபிநயா வந்திருந்தபோது, பினாங்குச் சேவையை வீட்டில் செய்து பார்த்தார்கள். பட்டையான சேவை பெரம்பலூரில் எங்கும் கிடைக்கவில்லை. இடியாப்பத்தை உதிர்த்துப் போட்டார்கள். இறாலுக்குப் பதில் சென்னாக்கூனிப் பொடிக் கருவாடு. முளைகட்டிய பயறை ஆயா கொடுத்தனுப்பினார். மூவரும் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. செல்லதுரை முதல் வாயிலேயே, "இது அது இல்ல" என்றார்.

"இல்லதான்" என்றார் மலர்கொடி.

செல்லதுரை மூன்று தட்டு சாப்பிட்டார். மலர்கொடி ஒரு தட்டு சாப்பிட்டார். சட்டியில் மீந்ததை அபிநயா டப்பாவில் போட்டுத் திருச்சிக்கு எடுத்துப்போனாள். பஸ்ஸில் போகும்போதே அது கட்டியாக ஒட்டிக்கொண்டதாம். விடுதிக்குப் போய்ச் சூடு பண்ணிச் சாப்பிட்டதாகப் போனில் சொன்னாள்.